நோயாளரும் உதவித் திட்டங்களும்



கொழும்பிலே பொரளைச் சந்தியை அறியாதார் இலர். சிறுவருக்குரிய லேடி ரிஜ்வே வைத்தியசாலையும் மகளிருக்குரிய காசல் வீதி வைத்தியசாலையும் அங்கேயே உள்ளன. தேசிய வைத்தியசாலையும் தொலைவில் இல்லை. கிளினிக் நாட்களில் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறி வருவோர் பலர்.

நம் நாட்டில் அரசினர் வைத்தியசாலைகளில் வைத்தியம் இலவசம். ஆயினும், நீடித்த நோயின் செலவு மருந்தோடு முடிவதன்று. கொட்டாஞ்சேனையில் மூட்டை சுமந்து பிழைக்கும் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டதென வைத்துக்கொள்வோம். கிளினிக்குச் செல்லும் நாளிற் கூலியில்லை. பஸ் கட்டணம் வேண்டும். துணைக்கு வரும் மனைவியின் வேலையும் கெடும். இவ்வாறு சில மாதங்கள் சென்றால், மருந்து இலவசமாயிருந்தும் அதைப் பெறச் செல்வதே இயலாததாகிவிடும்.

இத்தகையோருக்கென்றே உதவிகள் சில உள்ளன. குறைந்த வருமானமுள்ள சிறுநீரக நோயாளருக்கு மாதந்தோறும் வழங்கப்பட்டு வந்த 5,000 ரூபா, 2024-இல் 7,500 ரூபாவாகவும், 2025-இல் 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஓராண்டுக் காலம் இதனை அறியாதிருக்கும் குடும்பம் இழப்பது 1,20,000 ரூபா! இருதய சத்திரசிகிச்சை போன்ற பெருஞ் செலவுகளுக்கு, 1978-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஜனாதிபதி நிதியம் உதவுகின்றது. 2025 பெப்ரவரி தொடக்கம் அதற்கான விண்ணப்பங்களைப் பிரதேச செயலகங்களிலேயே கையளிக்கலாம்.

இவை இருந்தும் நோயாளர் பலர் அறியாதிருப்பது ஏன்? மருந்து கொடுப்பது ஓர் அலுவலகம். பணம் கொடுப்பது வேறோர் அலுவலகம். நெரிசல் மிகுந்த கிளினிக்கில் வைத்தியருக்கு நோயை விசாரிக்கவே நேரம் போதாது. வறுமையை விசாரிப்பது எங்ஙனம்? பிரதேச செயலகத்தாரோ, தம்மிடம் வாராத நோயாளரை அறியார். இவ்விரண்டு வாயில்களுக்கும் இடையே நோயாளர் நின்றுவிடுகின்றனர். மொழித் தயக்கம் ஒருபுறம். கேட்பது இரத்தலாகுமோ என்னும் கூச்சம் மற்றொருபுறம்.

இத் தயக்கம் வேண்டியதில்லை. 1988-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 16-ஆம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இடங்களிலும் அரச அலுவலரோடு தமிழிற் கருமமாற்றும் உரிமையைப் பொதுமக்களுக்கு வழங்கியுள்ளது. சட்டம் வகுத்த உதவியைக் கேட்டல் இரத்தலுமன்று.

ஆகவே, நோயாளர் தம் கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும். நோயின் பெயரும் நிலையும் குறித்த வைத்தியச் சான்றிதழைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அடையாள அட்டையுடன் அவற்றைக் கிராம உத்தியோகத்தரிடம் காட்டி, தமக்குப் பொருந்தும் உதவி யாது என வினவுதல் வேண்டும். பொரளை, வெள்ளவத்தை வாசிகளுக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகமும், கொட்டாஞ்சேனை வாசிகளுக்குக் கொழும்பு பிரதேச செயலகமும் உரியன.

படுக்கையிற் கிடப்பவர் அலுவலகத்துக்கு அலைய மாட்டார். விண்ணப்பத்தை வாசித்து நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒவ்வொரு தெருவிலும் உளர். அயலிலுள்ள ஒரு நோயாளருக்காக அவர்கள் ஒரு முற்பகலை ஒதுக்கினால், அக் குடும்பத்தில் அடுப்பெரியும். மருந்தும் இடையறாது நடைபெறும். கல்வி கற்றதன் பயன் அதனினும் வேறுண்டோ?