52 வயதில் டிரைவிங் லைசென்ஸ்

(நம் சங்க மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நீங்கள் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லுங்கோ" என்று செயலாளர் மாமி கேட்டுக்கொண்டார். நம் பெண்கள் விமானமே ஓட்டும் காலத்தில் இதில் என்ன விசேஷம் என்று தோன்றலாம். ஆனால் டிரைவிங் டெஸ்ட் என்றாலே கை ஜில்லிட்டுப் போகிறவர்கள் நம்மில் இன்றும் உண்டு. அவர்களுக்காகவே பேசுகிறேன்.

நாங்கள் இருப்பது கம்பம்மெட்டு. தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் வரும் எல்லையூர். செக்போஸ்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம், சுற்றிலும் ஏலத்தோட்டங்கள். பகலில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப்புகள் ஓடிக்கொண்டே இருக்கும். இருட்டிவிட்டால் வண்டி கிடைப்பது கஷ்டம்.

என் கணவருக்குக் கண்ணில் க்ளாகோமா வந்து, இனி இரவில் கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அகத்தில் 84 வயது மாமியார். ஒரு நாள் நடுராத்திரி அவருக்கு மூச்சுத் திணறியபோது, பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர்தான் எழுந்து வந்து கம்பத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். தங்கமான மனிதர். ஆனாலும் வாசலில் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அவரை எழுப்ப முடியுமா? அந்த வாரமே லேர்னர்ஸ் லைசென்ஸுக்கு மனு கொடுத்தேன். அப்போது எனக்கு வயது 52.

நான் டெஸ்ட் கொடுத்தபோது கேரளத்தில் காருக்கு 'எச்' போட வேண்டும். அந்த எழுத்தின் வடிவில் கம்பிகளை நட்டிருப்பார்கள். முன்னாலும் பின்னாலும் ஓட்டி, ஒரு கம்பியிலும் இடிக்காமல் வெளியே வர வேண்டும். பிறகு ரோட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். பயிற்சியில் எல்லாம் சரியாகவே வந்தது. டெஸ்ட் என்று நினைத்தால் மட்டும் இடது கால் வெடவெடவென்று நடுங்கும். "சேச்சி பயப்படறது வேற யாருக்கும் தெரியாது, க்ளட்சுக்கு மட்டும்தான் தெரியும்" என்பார் கற்றுக்கொடுத்த தம்பி.

யோசித்துப் பார்த்தேன். காரிடம் எனக்குப் பயமே இல்லை. 18 வயதுப் பையன்கள் வேடிக்கை பார்க்க, அவர்கள் முன் அவமானப்பட்டுவிடுவோமோ என்பதுதான் பயம். பயத்தின் பெயர் தெரிந்த பிறகு வைத்தியம் சுலபம். மூன்று காரியங்கள் செய்தேன்.

ஒன்று, என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டேன். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி இதை வரிசையாகச் சொல்கிறது. கண்ணாடியைச் சரிசெய்வது, சிக்னல் காட்டுவது, பின்னால் எடுப்பது, மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் கிளப்புவது, எல்லாம் அதில் உண்டு. மேட்டில் கிளப்புவதை எங்கள் ஊரில் பழகாமல் இருக்கவே முடியாது! ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, க்ளட்சை மெல்ல விட்டு, வண்டி முன்னால் இழுக்க ஆரம்பித்ததும் பிரேக்கை விட வேண்டும்.

இரண்டு, பிறர் பார்க்க ஓட்டிப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் காலி பெயிண்ட் டப்பாக்களில் குச்சி நட்டு 'எச்' போடுவார். கையில் நோட்டுடன் இன்ஸ்பெக்டர் மாதிரி மௌனமாக நிற்பார். தெருப் பிள்ளைகளையும் வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டோம். முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் அலுத்துப்போய் விளையாடப் போய்விட்டார்கள்!

மூன்று, மூச்சு. உள்ளே இழுப்பதைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விட்டால் படபடப்பு தணிகிறது. வண்டியைக் கிளப்புமுன் ஐந்து முறை அப்படிச் செய்வேன். பிறகு "கண்ணாடி, பெல்ட், கியர், சிக்னல்" என்று வாய்விட்டுச் சொல்வேன். வாய் வேலை செய்யும்போது மனம் வீண் கற்பனைக்குப் போவதில்லை.

டெஸ்ட் அன்றும் கால் நடுங்கத்தான் செய்தது. ஆனால் கை தன் வேலையைச் செய்தது. கம்பி எதுவும் விழவில்லை. பாஸ்!

எங்கள் இடுக்கி மாவட்டத் தொடுபுழா பக்கத்தைச் சேர்ந்த ஜிலுமோளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பிறவியிலேயே இரு கைகளும் இல்லாதவர். லைசென்ஸுக்காக வருஷக்கணக்கில் போராடினார். அவருக்காக மாற்றி அமைத்த காரில் காலால் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். இண்டிகேட்டரும் வைப்பரும் அவர் குரலுக்கு இயங்குகின்றன. 2023 டிசம்பரில் பாலக்காட்டில் முதலமைச்சர் பினராயி விஜயன் கையால் லைசென்ஸ் பெற்றார். "இவரால் முடியுமா?" என்றவர்களுக்கு அவர் ஓட்டிக்காட்டியே பதில் சொன்னார்.

ஒரு வேளை தவறிப்போனால்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம் என்கிறது. மூன்று முறை தவறினால் 60 நாள் பொறுக்க வேண்டும். சட்டமே நாலாவது முயற்சிக்கு இடம் வைத்திருக்கும்போது, நாம் ஏன் முதல் முயற்சியிலேயே மானம் போனதாக நினைக்க வேண்டும்?

லைசென்ஸ் வந்த பிறகு மாமியாரை இரண்டு முறை இரவில் கம்பத்துக்கு இறக்கியிருக்கிறேன். குறுகலான மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது விதி. நானும் ஒதுங்கி நிற்பேன். "அவசரமில்லைடி, நிதானமாப் போ" என்பார் பின் ஸீட்டிலிருந்து.

சகோதரிகளே, பயம் போகட்டும், பிறகு கற்றுக்கொள்கிறேன் என்று காத்திருக்காதீர்கள். பயத்தைப் பக்கத்து ஸீட்டில் உட்கார வைத்துக்கொண்டே ஓட்டப் பழகலாம்.