எனக்கு மட்டும் வந்த கருகல் வாசனை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் மைக் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை. கடனைப் பத்தியும் சேமிப்பைப் பத்தியும் பேச நிறையப் பேர் இருக்காங்க. நான் என் மூக்கைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க.

2021 மே மாதம், கொரோனா ரெண்டாவது அலை. கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்பே வெறிச்சோடிக் கிடந்துச்சு. எங்க வீட்டுல முதல்ல எனக்குத்தான் காய்ச்சல். நாலாம் நாள் ரசம் தாளிக்கிறேன், பெருங்காயம் போட்டதே தெரியலை. டப்பாவை மூக்குக்கிட்ட வச்சுப் பார்த்தேன், ஒண்ணுமே இல்லை. அப்போ நம்மில் பலருக்கும் அப்படித்தான் போச்சு. ஒன்றரை மாசத்தில் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்துச்சு. ஆனா சரியா வரலை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை வாயில் வச்சா அழுகின வெங்காயம் மாதிரி இருந்துச்சு. காப்பித்தூளும் அதே நாத்தம்.

அதையாவது பொறுத்துக்கலாம். புரட்டாசி வாக்கில் வேற ஒண்ணு ஆரம்பிச்சுது. ராத்திரி படுத்தா துணி கருகுற வாசனை. எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பேன், அணைஞ்சிருக்கும். அயர்ன் பாக்ஸ், சுவிட்ச் போர்டு எல்லாம் தொட்டுப் பார்ப்பேன். வீட்டுக்காரரை எழுப்பி, “ஏங்க, உங்களுக்கு வருதா?”ன்னு கேட்பேன். “ஒண்ணும் வரலை, படு”ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவார். பத்து நாள் கழிச்சு அவர் என்னைப் பார்த்த பார்வையே மாறிப் போச்சு.

நம்ம பக்கம் வாசனைக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கு. ராத்திரி மல்லிகை மணந்தா மோகினி, சுருட்டு வாசனை வந்தா முனி, உருளைக்கிழங்கு வேகுற வாசனை வந்தா பாம்பு. கருகல் வாசனைக்கும் எங்க தெருவில் ஒரு பதில் வச்சிருந்தாங்க. பத்து வருஷம் முன்னாடி எங்க தெருவில் ஒரு பொண்ணு தீயில் போயிட்டா. “அவதான் வந்து நிக்கிறா”ன்னு அத்தையும் பக்கத்து வீட்டு மதினியும் சொன்னாங்க. அவ உயிரோட இருந்தப்போ என்ன கஷ்டம்னு யாரும் கேட்கலை, நான் உள்பட. செத்த பிறகு அவ பேரை என் மூக்கில் கட்டினாங்க.

குறி கேட்டு, கயிறு கட்டி, ஆன செலவு 2,500 ரூபாய். மருத்துவச் செலவுன்னு சொல்லிக் குழுவில் உள்கடன் வாங்கித்தான் கொடுத்தேன். எங்க குழு அக்காமார் என்னை மன்னிக்கணும். அசலும் வட்டியும் கட்டிட்டேன்.

கயிறு கட்டியும் வாசனை போகலை. சரி, வந்தா வரட்டும்னு கண்டுக்காம இருக்கப் பழகிட்டேன். ஆபத்தே அதிலதான் இருந்துச்சு.

ஒரு நாள் சாயங்காலம் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். லேசா ஒரு நாத்தம். ‘நம்ம மூக்குதான்’னு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மக வாசல்லயே நின்னு, “அம்மா, கேஸ்!”னு கத்தினா. டியூப் வெடிச்சு கேஸ் கசிஞ்சிருக்கு. நான் விளக்குப் பொருத்தத் தீப்பெட்டியை எடுத்துக் கிட்டவே வச்சிருந்தேன். இதைச் சொல்லும்போது இப்பவும் கை நடுங்குது.

சமையல் கேஸுக்குன்னு சொந்த வாசனையே கிடையாதாம். கசிஞ்சா தெரியணும்னு எத்தில் மெர்காப்டன்னு ஒரு நாத்த மருந்தைக் கலந்து விடுறாங்க. 1937-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் நியூ லண்டன்னு ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில், வாசனை இல்லாத இயற்கை எரிவாயு கசிஞ்சு வெடிச்சு சுமார் 300 பேர் செத்துப் போனாங்க. பெரும்பாலும் பிள்ளைகள். அதுக்கப்புறம்தான் அங்கே வாசனை கலக்கணும்னு சட்டம் கொண்டு வந்தாங்க. மூக்கை நம்பி இவ்வளவு ஏற்பாடு. அந்த மூக்கையே நான் நம்பாம உட்கார்ந்திருக்கேன்.

மறுநாளே காது மூக்கு தொண்டை டாக்டரம்மாகிட்ட வீட்டுக்காரரே கூட்டிட்டுப் போனார். அவங்க சிரிக்கலை. மூக்குக்குள்ள சின்னக் கேமரா விட்டுப் பார்த்தாங்க. “தலையில் அடிபட்டுதா? ஒத்தைத் தலைவலி வருமா? வாசனை வரும்போது நினைவு தப்புதா, கை வெட்டுதா? பல்லில் சீழ் இருக்கா? என்ன மாத்திரை சாப்பிடுறே?”ன்னு வரிசையாக் கேட்டாங்க. சளி, சைனஸ், வலிப்பு, சில மாத்திரைன்னு இல்லாத வாசனை வர்றதுக்குப் பல காரணம் உண்டாம். எப்பவாவது மூளையில் கட்டியும் காரணமா இருக்குமாம். அதனால்தான் விட்டுடக் கூடாதுன்னாங்க.

எனக்கு வந்தது கொரோனாவோட மிச்சம். மூக்கோட உச்சியில் வாசனை நரம்பு இருக்கு. அதில் வாசனையைப் பிடிக்கிற வகை மட்டும் 400 கிட்ட இருக்காம். அதுக்குப் பக்கபலமா இருக்குற செல்களைக் கொரோனா கெடுத்துடுது. அந்த நரம்பு திரும்ப முளைக்கும், ஆனா முளைக்கும்போது தாறுமாறா சேதி அனுப்பும். “கையை எடுத்தவங்களுக்கு இல்லாத கை வலிக்கும், கேள்விப்பட்டிருக்கியா? அது மாதிரிதான்”னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி பாரம் இறங்கிடுச்சு.

இன்னொண்ணும் சொன்னாங்க. அமெரிக்காவில் 40 வயசு தாண்டினவங்ககிட்ட விசாரிச்சதில், 15 பேரில் ஒருத்தருக்கு இப்படி இல்லாத வாசனை வருதாம். பெண்களுக்குத்தான் அதிகம். ஆனா அவங்கள்ல டாக்டர்கிட்ட வாயைத் திறந்தது நூத்துக்கு 11 பேர்தான். படிச்ச ஊரிலேயே அப்படின்னா நம்ம ஊரைக் கேட்கணுமா?

வைத்தியம் வீட்டிலேயேதான். ரோஜா, யூகலிப்டஸ் தைலம், எலுமிச்சை, கிராம்பு, இந்த நாலையும் காலையிலும் ராத்திரியிலும் ஒவ்வொண்ணா மோந்து பார்க்கணும். அந்தப் பொருளோட நிஜ வாசனையை மனசில் நினைச்சுக்கிட்டே மோக்கணும். குறைஞ்சது மூணு மாசம். ஜெர்மனியில் ஹம்மல்னு ஒரு டாக்டர் 2009-ல் சோதிச்சுப் பார்த்த முறையாம். முதல் மாசம் பைத்தியக்காரத்தனமா இருந்துச்சு. ரெண்டாம் மாசம் ஒரு நாள் கிராம்பு கிராம்பாவே மணந்துச்சு. அடுப்படியில் நின்னு அழுதேன். பால்கோவா சரியாக ஒரு வருஷம் ஆச்சு.

போன வருஷம் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் எல்லாரும் பேசாம இருந்தாங்க. அப்புறம் ஒரு மதினி, “தலைவலி வர்றதுக்கு முன்னாடி எனக்கு ரப்பர் எரியுற வாசனை வரும், யார்கிட்டயும் சொன்னதில்லை”ன்னாங்க. எழுபது வயசுப் பெரியம்மா ஒருத்தர், தனக்கு வாசனையே தெரியறதில்லைன்னு ஒத்துக்கிட்டாங்க. அவங்க தனியா இருக்காங்க, கேஸ் அடுப்புதான். அன்னைக்கே ரெண்டு பேர் போய் டியூப்பைப் பார்த்தோம், வெடிச்சிருந்துச்சு. புது டியூப் வாங்கி மாட்டினோம்.

கேஸ் கசியுதுன்னு சந்தேகம் வந்தா ரெகுலேட்டரை மூடுங்க, கதவு ஜன்னலைத் திறங்க, எந்த சுவிட்சையும் தொடாதீங்க, வெளியே வந்து 1906-க்கு போன் பண்ணுங்க.

எனக்குக் கருகல் வாசனை இன்னும் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை வரும். வந்தா மகளைக் கூப்பிடுவேன். “எனக்கும் வருது”ன்னா ரெண்டு பேரும் அடுப்படிக்கு ஓடுவோம். “வரலைம்மா”ன்னா திரும்பிப் படுத்துக்குவேன். இப்போ வீட்டுக்காரரே சில ராத்திரி எழுந்து, “எதுக்கும் ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன்”னு போறார்.