செங்கோட்டைப் பெண்ணும் சூரியனும்

பண்பொழியில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் செங்கோட்டை. சாரல் காலத்தில் சூரியன் தலைகாட்டவே யோசிக்கும் ஊர். அந்த ஊர்க்காரர் நிகர் ஷாஜிதான் சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்தவர். நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய கலம், 2024 ஜனவரி 6-ல் எல்-1 என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சூரியனுக்குப் பக்கத்திலேயே போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கலம் போனது 15 லட்சம்தான், நூற்றில் ஒரு பங்கு! ஆனால் அங்கே ராத்திரியும் இல்லை, கிரகணமும் இல்லை. இடைவிடாமல் பார்க்கலாம்.

அதிலுள்ள ஒரு தொலைநோக்கி, கண் கூசினால் நாம் உள்ளங்கையால் வெயிலை மறைப்பதுபோல, சூரியனின் வட்டத்தை மறைத்துவிட்டு, சுற்றியுள்ள மங்கலான வெளி வளிமண்டலமான கொரோனாவை மட்டும் பார்க்கிறது. சூரியனின் மேற்பரப்பில் வெப்பம் சுமார் 5,500 டிகிரி. வெளியே இருக்கும் கொரோனாவிலோ பத்து லட்சத்துக்கும் மேல். அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையத்தானே வேண்டும்? இங்கே ஏன் தலைகீழ் என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆதித்யா தேடும் விடைகளில் அதுவும் ஒன்று.