நிற்கக் கற்ற சிறுவன்



இன்று ஒரு சிறுவனின் கதையைக் கேட்போம். இது நம் பெங்களூரில் வளர்ந்த ஒருவரின் உண்மைக் கதை.

கோலார் மாவட்டத்தில் பெள்ளூர் என்று ஓர் ஊர். அங்கே 1918ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் அவன் பிறந்தான். அப்போது உலகம் எங்கும் விஷக்காய்ச்சல் பரவி இருந்தது. அவனைச் சுமந்த தாய்க்கும் காய்ச்சல் வந்தது. குழந்தை நோஞ்சானாகப் பிறந்தது.

அவனுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் பெங்களூருக்கு வந்தது. ஒன்பது வயதில் அப்பா இறந்தார். வீட்டில் வறுமை. மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று நோய்கள் மாறி மாறி வந்தன. கையும் காலும் குச்சி போல இருந்தன. தலையை நிமிர்த்துவதே பெரும்பாடு.

1934இல் அக்காள் கணவர் அவனை மைசூருக்கு அழைத்தார். அவர் பெயர் கிருஷ்ணமாச்சாரியார். யோகம் கற்பிக்கும் ஆசிரியர். அவரிடம் சிறுவன் யோகம் கற்றான். நோயாளி உடம்பு எளிதில் வளையுமா? தினமும் வலி. ஆனாலும் அவன் விடவில்லை. மெல்ல மெல்ல உடம்பு தேறியது.

1937இல் அவரைப் பூனா நகருக்கு அனுப்பினார்கள். வயது 18. மராத்தி தெரியாது. பள்ளிப் படிப்பும் முடியவில்லை. கற்க வந்தவர்களில் பலர் அவரைவிட வலிமையானவர்கள். அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமே! அதனால் தினமும் பல மணி நேரம் தானே செய்து பார்த்தார். எங்கே எலும்பு நிற்கிறது, எங்கே தசை இழுக்கிறது என்று கவனித்தார். தன் உடம்பையே பாடப் புத்தகமாகப் படித்தார்.

அவர்தான் பி.கே.எஸ். ஐயங்கார்.

யோகம் ஒரு கலை என்றார் அவர். பூக் கட்டும் கையைப் பாருங்கள். முதல் நாள் பூ உதிரும், நூல் சிக்கும். நாள் ஆக ஆக, கண் பார்க்காமலே விரல் கட்டும். எந்தக் கலையும் அப்படித்தான். சீனாவின் தாய் சி கலையிலும் அவசரம் கிடையாது. ஒரே அசைவை மெதுவாக, ஆண்டுக்கணக்கில் பழகுகிறார்கள்.

உடம்பு வளையாதவர்களையும் ஐயங்கார் ஒதுக்கவில்லை. கை தரையை எட்டவில்லையா? அடியில் ஒரு மரக்கட்டை வைத்தார். நாற்காலி, கயிறு, மடித்த போர்வை எல்லாவற்றையும் பயன்படுத்தினார்.

1966இல் அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. சுமார் 200 ஆசனங்கள் அதில் உள்ளன. பல நாட்டு மொழிகளில் அது வந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர் எழுதிய நூல் அது!

1979இல் ஸ்கூட்டர் விபத்தில் காயம் அடைந்தார். அப்போது வயது 60. பழகிய ஆசனங்கள் கைவிட்டுப் போயின. எளிய ஆசனங்களிலிருந்து மறுபடி தொடங்கினார். பழைய நிலையை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. 90 வயதைத் தாண்டியும் பயிற்சியை விடவில்லை. 2014இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், 95ஆம் வயதில் காலமானார்.

கடினமான ஆசனங்களை ஆசிரியர் இல்லாமல் செய்யாதீர்கள். இரத்தக் கொதிப்பு, முதுகுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

ஆனால் நேராக நிற்க எல்லோரும் பழகலாம். இதற்குத் தாடாசனம் என்று பெயர். எழுந்து நில்லுங்கள். இரு பாதங்களையும் சேர்த்து வையுங்கள். உடம்பின் பாரம் இரண்டு கால்களிலும் சமமாக இருக்கிறதா? குதிகாலிலும் விரல்களிலும் சமமாக இருக்கிறதா? நெஞ்சை நிமிர்த்துங்கள். மூச்சு இயல்பாகப் போகட்டும்.

ஒரு பக்கம் சாய்கிறதா? பரவாயில்லை. நாளைக்கும் நின்று பாருங்கள்.