பழைய ஜீப்பும் தேய்ந்த பிராக்கெட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



தொப்பம்பட்டியில் பட்டறை வைத்திருக்கும் என்னைத் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நமக்குத் தெரிந்தது இரும்பும் கிரீஸும்தான். அதையே பேசுகிறேன்.

பழனி மலை அடிவாரத்துக்காரர்களுக்கு ஜீப் புதிதல்ல. ஆனால் அது போருக்காகப் பிறந்த வண்டி. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. போர் முடிந்ததும் ராணுவம் கழித்த வண்டிகள் பல நம் நாட்டில் தனியார் கைக்கு வந்தன.

அப்படி ஒரு வண்டி என் பட்டறைக்கு வந்தது. தாத்தா வாங்கிய ஜீப்பாம். "அண்ணே, இடப்பக்கமா இழுக்குது. ஷாக்கிள் புஷ்ஷை மட்டும் மாத்திக் குடுங்க, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போகணும்" என்றார் சொந்தக்காரர்.

அடியில் படுத்துப் பார்த்தேன். புஷ் தேய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் முன் ஸ்பிரிங் பட்டையின் பின்முனையைத் தாங்கும் பிராக்கெட்டே ஆடுது! ரிவெட் தளர்ந்து, துளை முட்டை வடிவமாகிவிட்டது. முன், பின் அச்சுகளுக்கு நடுவே இருபுறமும் 80 அங்குலம் இருக்க வேண்டும். இடப்பக்கம் கால் அங்குலம் குறைந்தது. வண்டி இழுக்காமல் என்ன செய்யும்? கொண்டை ஊசி வளைவில் அந்தப் பிராக்கெட் பிய்ந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

காரணம் கிரீஸ்தான். இந்த ஷாக்கிளில் ரப்பர் கிடையாது, மரை போட்ட இரும்பு புஷ். கிரீஸ் வற்றினால் மரை தேயும். பிறகு ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராக ரிவெட்டுக்குப் போகும்.

"பழைய சேஸிஸை வெட்டிட்டு வேற ஒண்ணை ஒட்டிடலாமே" என்று பட்டறையில் பேச்சு வந்தது. 2021இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிப்படி, 50 வருஷம் கடந்த சொந்த உபயோக வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வெட்டினால் தாத்தா வண்டி என்ற பெருமையும் போச்சு, பதிவும் போச்சு.

ஆகவே இருந்ததையே சரி செய்தோம். பேட்டரி வயரைக் கழற்றினோம். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், அதை இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்த பிறகுதான் வெல்டிங் பேச்சு. சேஸிஸை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்திக் குறுக்களவு பார்த்தோம். இரண்டும் ஒன்றாக இருந்தன, சட்டம் கோணவில்லை. ரிவெட்டுகளை எடுத்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணக்கட்டி பூசினோம். துளை ஓரத்தில் மயிரிழை மாதிரி ஈரக் கோடு தெரிந்தது. அதுதான் விரிசல். விரிசல் முடியும் இடத்தில் சின்னத் துளை போட்டு அது ஓடாமல் நிறுத்தி, பள்ளம் வெட்டி, காயவைத்த லோ ஹைட்ரஜன் ராடால் பற்றவைத்தோம்.

முட்டைத் துளைக்குப் பின்னால் செம்புத் தகடு வைத்து நிரப்பி, சமமாகத் தேய்த்து, பழைய அளவிலேயே துளை போட்டோம். பிராக்கெட் லேத்துக்குப் போய்ப் புது புஷ்ஷோடு வந்தது. போல்ட்டால் பிடித்து அளவு பார்த்தபின், சிவக்கக் காய்ச்சிய ரிவெட் அடித்தோம். அடிக்கும்போது அது துளையை நிரப்பும். ஆறும்போது சுருங்கித் தகடுகளை இறுக்கும்.

ஷாக்கிள் பூட்டும்போது கவனம் தேவை. சிலவற்றில் இடது மரை இருக்கும். தெரியாமல் முறுக்கினால் மரை போய்விடும். பூட்டியபின் ஷாக்கிள் தாராளமாக ஆட வேண்டும். இறுகி நின்றால் பட்டை உடையும். கடைசியில் இருபுறமும் 80 அங்குலம். வண்டி நேராக ஓடியது.

தம்பி தங்கைகளே, கேட்ட புஷ்ஷை மாற்றிக் காசு வாங்கியிருந்தால் அரை நாள் வேலை. இது பல நாள் வேலை. ஆனால் அந்த வண்டியில் பிள்ளைகள் ஏறப் போகிறார்கள். எந்தத் தொழிலுக்குப் போனாலும், தேய்ந்த பாகத்தோடு நின்றுவிடாமல் அது எதைத் தாங்குகிறது என்றும் பாருங்கள். தொப்பம்பட்டிப் பக்கம் வந்தால் பட்டறைக்கு வாங்க, டீ சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.