படகுத்துறை யாருக்காக?

(கோவையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் கூலி உயர்வைப் பற்றிப் பேசக் கூடவில்லை. போனஸைப் பற்றியும் அல்ல. அந்தப் போராட்டங்கள் இருக்கவே இருக்கின்றன. நம் நொய்யல் குளங்களில் ஒன்றில் ஏழை எளியவர்களுக்காக ஒரு பொதுப் படகுத்துறை வேண்டும் என்று கேட்கப் போகிறோம். அதை எப்படிக் கேட்பது என்று தீர்மானிக்கவே இங்கே கூடியிருக்கிறோம்.

“சோற்றுக்குத் தாளம் போடுகிறவனுக்குப் படகு சவாரி ஒரு கேடா?” என்று சில பெரிய மனிதர்கள் சிரிப்பார்கள். நம்மவர் சிலருக்கே அந்தச் சந்தேகம் உண்டு. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், மிச்சமுள்ள எட்டு மணி நேரம் நமக்கு என்றுதான் உலகத் தொழிலாளி வர்க்கம் போராடியது. நம் நாட்டில் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலை, ஒரு நாள் விடுமுறை என்று வரம்பு கட்டியது. அந்த ஒரு நாளில் நாம் எங்கே போகிறோம்? ஆறு நாள் பஞ்சுத் தூசியை விழுங்கியவன் ஏழாம் நாள் பெண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக ஓரிடம் உண்டா? களை எடுத்து இடுப்பொடிந்த பெண் தன் குழந்தையோடு சற்றே சிரித்திருக்க ஓரிடம் உண்டா? கள்ளுக்கும் சீட்டாட்டத்துக்கும் தொழிலாளி போகிறான் என்று பழிக்கிறவர்கள், வேறெந்த வாசலை நமக்குத் திறந்து வைத்தார்கள்?

பணமுள்ளவனுக்கு ஊட்டி இருக்கிறது. அந்த ஏரியை 1824-ல் வெட்டுவித்த ஜான் சல்லிவன் யார்? நம் கோயம்புத்தூர் ஜில்லாவின் கலெக்டர்தான். சென்னை அடையாற்றங்கரையில் 1867-லேயே வெள்ளைக்காரர்கள் தங்கள் துடுப்பு விளையாட்டுக்காகப் படகுக் கிளப்பு வைத்துக்கொண்டார்கள். தண்ணீரில் மிதக்கும் இன்பம் கெட்டதென்றால் துரைமார்கள் ஏன் அதைத் தேடினார்கள்?

லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் நெசவாளர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். காற்றில்லை, மரமில்லை, நோய் மட்டும் உண்டு. அந்தப் பகுதிக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று 1840-ல் முப்பதாயிரம் பேர் கையெழுத்திட்டு விக்டோரியா ராணிக்கு மனுக் கொடுத்தார்கள். 1845-ல் பூங்கா திறக்கப்பட்டது. ஏரியும் படகும் அங்கே வந்தன. கேட்டார்கள், கிடைத்தது. கேட்காதவனுக்கு யாரும் எதையும் வெட்டிக் கொடுப்பதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின. மில்லைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. ஊர் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. குளங்கள் மட்டும் வளரவில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலில் அணைகட்டி, வாய்க்கால் வெட்டி, ஒரு குளத்தின் மிச்சம் அடுத்த குளத்துக்குப் போகும்படி நம் முன்னோர் அமைத்த குளங்கள் அவை. இன்று பல குளங்களில் மழைத் தண்ணீரைவிடச் சாக்கடையே அதிகம் வருகிறது. சிங்காநல்லூர்க் குளத்தில் முன்பு படகு விட்டார்கள். என்ன ஆயிற்று? சாக்கடையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து படகை நிறுத்திவிட்டன. ஆகவே, சாக்கடையைத் தடுத்துச் சுத்திகரிக்காமல் படகு விடுவது பிணத்துக்குப் பூச்சூட்டுவதுதான். நம் முதல் கோரிக்கை படகு அல்ல, தண்ணீர்!

இரண்டாவது விஷயத்தை விவசாயத் தோழர்கள் கேட்கிறார்கள். “படகு ஓடத் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு மதகை மூடிவிட்டால் எங்கள் வயல் என்னாவது? வயல் காய்ந்தால் எங்களுக்கு ஏது கூலி?” நியாயமான கேள்வி. மில் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமைக்காக விவசாயத் தொழிலாளியின் அடுப்பு அணையக் கூடாது. மதகின் சாவி படகுக் காண்டிராக்டர் கைக்கு ஒருபோதும் போகக் கூடாது. ஆயக்கட்டுக்குத் தண்ணீர் திறந்த பிறகு மிஞ்சுவதில்தான் படகு. துடுப்புப் படகுக்கும் மிதிபடகுக்கும் மார்பளவுத் தண்ணீர் போதும். தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதக்கும் மேடையாகத் துறையைக் கட்டினால் குளம் வற்றும்போதும் சிக்கலில்லை. கோடையில் அடியோடு வற்றினால் படகு கரையேறட்டும். கரையை அரிக்கும், எண்ணெய் கக்கும் மோட்டார் படகு நமக்கு வேண்டாம். காவலுக்கு ஒன்று இருந்தால் போதும். மீன் பிடிப்பவர்களின் வலைக்கும், நீர்ப்பறவைகளுக்கும் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் படகுக்கு எல்லை போடவேண்டும்.

மூன்றாவது, உயிர். இதைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். 2011 டிசம்பர் 25-ல் பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7-ல் கேரளத்தின் தானூரில் 22 பேர். அங்கே மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆளேற்றி, இருட்டும் வேளையில் ஓட்டினார்கள். 2024 ஜனவரி 18-ல் வதோதராவின் ஹர்ணி ஏரியில் சுற்றுலா வந்த 12 பள்ளிக் குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் மூழ்கினார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் மிதவை அங்கி இல்லை. அந்த ஏரி தனியார் காண்டிராக்டில் இருந்தது.

தோழர்களே, தண்ணீர் கொலை செய்யவில்லை. ஒரு டிக்கெட் கூட விற்றால் ஒரு டிக்கெட் லாபம் என்ற கணக்குத்தான் கொலை செய்கிறது! 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. இயந்திரப் படகுகளுக்குப் பதிவும் பரிசோதனையும் வேண்டும் என்கிறது. சட்டம் காகிதத்தில் இருந்தது. தானூர்ப் படகு தண்ணீரில் இருந்தது. இரண்டையும் சந்திக்க வைப்பது நம் கண்காணிப்பே.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

படகுத்துறையை மாநகராட்சியோ சர்க்காரோ நேராக நடத்தவேண்டும். ஏலமும் குத்தகையும் கூடாது. எத்தனை பேர் ஏறலாம் என்று ஒவ்வொரு படகிலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதியிருக்க வேண்டும். குழந்தைகளுக்கும் சேர்த்து ஆளுக்கொரு மிதவை அங்கி. அதை மாட்டாமல் யாரும் ஏறக் கூடாது, மந்திரியானாலும் சரி. பொழுது சாயும் முன் கடைசிப் படகு கரை சேரவேண்டும். நாற்று நடும் பெண்ணின் அரைநாள் கூலிக்குள் ஒரு குடும்பமே சவாரி செய்ய முடியவேண்டும். மில்லுக்கு மில் விடுமுறை நாள் வேறுபடுவதால் வாரம் முழுதும் துறை திறந்திருக்க வேண்டும். படகோட்டிகளுக்கும் காவலர்களுக்கும் நிரந்தர வேலை; முதல் உரிமை குளத்தங்கரை மக்களுக்கு. திட்டம் போடும் கமிட்டியில் சங்கப் பிரதிநிதிகளும், ஆயக்கட்டு விவசாயிகளும், பெண்களும் இருக்கவேண்டும்.

இவற்றில் எதையும் “பிறகு பார்க்கலாம்” என்று விடக் கூடாது. திறப்பு விழாவில் நாடா வெட்டியபின் வருகிறவனுக்குக் கிடைப்பது வேடிக்கை பார்க்கும் உரிமை மட்டுமே. வரைபடம் போடும்போதே நாம் அங்கே இருக்கவேண்டும்.

நாளை முதல் ஷிப்டு ஷிப்டாக மில் வாசலிலும், களத்துமேட்டிலும் கையெழுத்து வாங்குவோம். மில் தொழிலாளி கொண்டு போகும் மனுவில் விவசாயத் தோழனின் மதகு முதலில் இருக்கட்டும். விவசாயத் தோழன் கொண்டு போகும் மனுவில் மில் தொழிலாளியின் விடுமுறை நாள் இருக்கட்டும். தண்ணீர் சுத்தமாகி, நம் குழந்தை மிதவை அங்கி மாட்டிக்கொண்டு பயமின்றித் துடுப்புப் போடும் நாள் வரும். அந்த நாளை நாமே கொண்டு வருவோம்!