வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை
(திருத்தணியில் நடைபெற்ற ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



கணினிப் பாடம் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

மேல்நிலை வகுப்பில் என்னிடம் கணினி அறிவியல் படித்த மாணவி ஒருத்தி. நெசவுக் குடும்பம்; வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். பட்டம் முடித்திருந்தாள். தாயாருக்கு உடல்நலமில்லை என்பதால் தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய்வர முடியாத நிலை. ஒருநாள் பள்ளிக்கு வந்து கைப்பேசியைக் காட்டினாள். "வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை சார். மடிக்கணினி அனுப்ப 6,500 ரூபாய் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?" அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. "நல்ல வாய்ப்பும்மா, விட்டுடாதே" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பணம் கட்டிய மறுநாள் அந்த எண் அணைந்துவிட்டது. உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேசியிருந்தால் பணத்தை முடக்கவாவது வாய்ப்பிருந்திருக்கும். அந்த எண் அன்று எனக்கே தெரியாது.

பிறகு இருவரும் சேர்ந்து தேட உட்கார்ந்தோம். லிங்க்ட்இன் போன்ற தளத்தில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தால், அதே வேலை அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலும் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். நேர்காணலே இல்லாமல் பணி ஆணை வந்தால் அதோடு விட்டுவிடுவோம். 'ரிமோட்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உள்ளே படித்தால் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்றிருக்கும். இந்தியர்களை எடுப்பவர்களும் தங்கள் நேரத்துக்கு வேலை செய்யச் சொல்வதுண்டு. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் நமக்கு மாலை ஆறரை, அவர்களுடைய குளிர்காலத்தில் ஏழரை. இதையெல்லாம் பெற்றோரிடமும் சொல்லத்தான் வேண்டும். ஊரிலிருந்தே மென்பொருள் செய்ய முடியுமா என்று அவள் அப்பா கேட்டபோது, தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் நடத்தும் அலுவலகத்தைச் சொன்னேன். அது அலுவலகம் போய்ச் செய்யும் வேலைதான். ஆனாலும் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அவளிடம் சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. ஆனால் முகம் பாராமல் வேலை தருபவர்கள், "நீ செய்ததைக் காட்டு" என்கிறார்கள். அப்பாவின் பாவு, கூலி, முன்பணக் கணக்கை எழுதிவைக்க ஒரு சிறு செயலி செய்தாள். அதன் நிரலை கிட்ஹப் தளத்தில் ஏற்றினாள். 2008-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் வேலையை வைக்கிறார்கள். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே படிக்க 2012 முதல் வரும் கணியம் இதழ் அவளுக்குக் கைகொடுத்தது.

செயலி நன்றாகவே இருந்தது. அது என்ன செய்கிறது என்று நான்கு வரி எழுதச் சொன்னேன். எழுத வரவில்லை! தொலைவிலிருந்து வேலை செய்பவர் நாள் முழுதும் எழுத்தில்தான் பேசவேண்டும். மேல்நிலை இரண்டாண்டும் என்னிடம் படித்தவள். ஒருநாளும் நான் அவளை அப்படி எழுதவைத்ததில்லை.

இப்போது உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணினி பழுதானால் பிள்ளைகள் வாயால் சொன்னால் ஏற்பதில்லை. என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று, நீ என்ன செய்து பார்த்தாய் என்று முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் எழுதித் தரவேண்டும். முதல் வாரம் வந்த தாள்களில் பாதிக்கு மேல் "சார், ஓடலை" என்ற ஒற்றை வரிதான். இந்த வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அரைப்பக்கம் எழுதியிருக்கிறான்.

அந்த மாணவிக்கு இன்னும் வேலை அமையவில்லை. ஒரு நிறுவனம் செய்முறைத் தேர்வு அனுப்பியிருக்கிறது. விடையோடு அனுப்பவேண்டிய விளக்கக் குறிப்பை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை என் வீட்டுக்கு வருகிறாள்.